கே ஐ ஓ

ஒட்டுசுட்டான் சந்தியில்
புவனேந்திரம் சவுண்ட் சேர்விஸ்.
போன கிழமை ஒரு செத்தவீட்டில்
பெட்டி தூக்கும் நேரம் பார்த்து
மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு பாடிவிட்டது.
பிழை ஸ்பீக்கரில் இல்லை.
ட்ராக் பூச்சியம் ஏழு,
பாடியவர் தெரியாது, அல்பம் தெரியாது, ஆண்டு தெரியாது:
இப்படிப் பதினோராயிரம்
ஒரே ஹார்ட் டிஸ்க்கில்.

"எல்லாத்துக்கும் பேர் போட்டுத் தாரும் பிள்ளை" என்றார்.
நாட்கூலி பேசினோம்.
மத்தியானச் சாப்பாடு அவருடையது.

மூன்று லப்டொப். மூன்றும் லினக்ஸ்.
விண்டோஸ் வாங்கக் காசில்லை என்பதைக்
கொள்கை என்று சொல்லிக்கொள்வோம்.

உபுண்டுவில்
சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் பிக்கார்ட்.
சங்கக்கடை மாதிரி:
கேட்ட சாமான் இருந்தது,
இரண்டு வருசம் பழசு.

ஃபெடோரா, ஒரு நிறுவனம்
திட்டம் முடிந்து போகையில் விட்டுப்போனது.
மூடியில் அவர்களுடைய ஸ்டிக்கர் பாதி.
டிஎன்எஃப் என்று தொடங்கியதும்
தன் பட்டியலைப் படிக்கவே
என் ரீலோட் கார்ட் ஒன்றைத் தின்றது.
மிச்சத்துக்கு ஜெனரேற்றர் கொட்டிலுக்குப் பின்னால் போய்
போனைக் கூரையில் வைத்தேன்.
சிக்னல் அங்கேதான் வரும்.

ஆர்ச், யதுசனுடையது.
ஒன்பது மாதம் திறக்காமல் கிடந்தது.
பாக்மன் சொன்னது:
இந்தக் கையெழுத்தை நம்ப முடியாது.
பிரதேச செயலகத்தில் கேட்டுக் கேட்டுப்
பழகின வசனம்.
கோபிக்கவில்லை. சாவிக்கொத்தைப் புதுப்பித்துக்கொண்டு
திரும்பவும் வரிசையில் நின்றேன்.
நாலு மணிக்கு விட்டது.

பிறகு பிக்கார்ட் ஒவ்வொரு பாட்டாகக் காது கொடுத்துக் கேட்டு,
கைரேகை எடுத்து,
எங்கேயோ அனுப்பி,
பேரோடு திரும்பி வந்தது.
சினிமாப் பாட்டெல்லாம் ஊர் உறவோடு வந்தன.
இசையமைத்தவர், எழுதியவர், தட்டின் முகப்புப் படம்கூட.
வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாசித்த நாதஸ்வரம் வரவில்லை.
கலியாண வீட்டில் மைக் பிடித்தவரின்
"காரை எடுங்கோ, வழியை மறிக்காதையுங்கோ"
அதுவும் வரவில்லை.
பொருத்தம் இல்லை என்றது,
சாத்திரியார் மாதிரி.

மிஞ்சினவற்றின் பேர்கள்
கொமா, அரைப்புள்ளி, சின்ன ஆங்கில எழுத்து.
மென்பொருளுக்குக் குப்பை.
பாமினியில் தட்டச்சுப் படித்த விரலுக்கு
அது தமிழ்தான்.
ஜி ஐ டபிள்யூ: பறை.
அதைச் செத்தவீட்டுப் பெட்டிக்குள் போட்டேன்,
முதல் வேலையாக.

கே ஐ ஓ.
விரல்கள் மேசையில் அடித்துப் பார்த்தன.
மழை.

நாற்பத்தொரு நிமிசம். பாட்டில்லை. ஆளில்லை.
"ஐயா, இது ஆர்?"
தேத்தண்ணியோடு வந்தவர் ஹெட்போனை வாங்கி வைத்தார்.
கன நேரம் கழற்றவில்லை.
"புது மைக் வாங்கின அண்டைக்கு
சோதிச்சுப் பாக்க வைச்சது.
மழை பிடிச்சிட்டுது. நிப்பாட்ட மனம் வரேல்லை."
"எந்த வருசம்?"
யோசித்தார்.
"மீள்குடியேற்றத்துக்குத் தந்த பன்ரண்டு தகரத்துக்குக் கீழ.
ஓடு போட முந்தி."

ஆண்டு என்ற கட்டம்
நாலு இலக்கம் மட்டும் எடுக்கும்.
இரண்டாயிரத்துப் பத்து என்று அடித்தேன்.
பாடியவர்: தகரம்.
அல்பம்: மைக் சோதனை.
சேமி.

சரியாக ஏறியதா என்று பார்க்க
வாசலில் நின்ற பெரிய பெட்டி இரண்டிலும் விட்டோம்.
ஆவணி வெயில்.
ஒரு பொட்டு முகில் இல்லை.
எதிர்ப்பக்கம் தார் ரோட்டில்
சிறுபோக நெல் காயவிட்டிருந்த சறோசினி
படங்கை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.
பாதி நெல்லை மூடினாள்.
வானத்தைப் பார்த்தாள்.
எங்களைப் பார்த்தாள்.

பிறகு அவள் சொன்னதை
குறிப்பு என்ற கட்டத்தில்
ஒரு சொல் விடாமல் அடித்து வைத்திருக்கிறேன்.
அதற்கு எழுத்து எல்லை இல்லை.